எல்லோரும் பார்த்த எங்கள் பை

யுத்தம் முடிந்து எட்டு வருடம் ஆகியிருந்த நேரம். நாங்கள் இருப்பது புத்தளத்தில், கடலேரிக் களப்போரமாக, கரைத்தீவுப் பக்கம். தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்து, பிறகு கல் வைத்துக் கட்டி, அப்படியே ஊராகிப் போன இடம். அந்த வருடம் இரண்டு பெருநாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்த கதை இது. இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

முதலில் எங்கள் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கும். அதில் ஒரு பை தொங்கும். வெளியூரார் அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பை என்று நினைப்பார்கள். அது கடதாசிப் பை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கலியாணப் பதிவு, கூப்பன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போட், இருந்தால் காணி உறுதி, எல்லாம் அதற்குள். வீடு பற்றிக்கொண்டாலும், களப்பு ஏறி வந்தாலும், எவராவது வந்து நின்று உடனே எழும்பிப் போ என்றாலும், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை. மற்றதெல்லாம் அல்லாஹ்வின் பொறுப்பு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. புதுவீடு கட்டினால் மேசன் பாஸே கேட்பார், பைக்கு எங்கே ஆணி அடிக்க என்று.

தொண்ணூறில் எனக்குப் பதினொரு வயது. வாப்பா எங்கள் கடதாசிகளை எல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்கினார். வழியில் சோதித்தபோது அது போய்விட்டது. அதை நீட்டி எழுத இப்போது மனம் இல்லை. அதற்குப் பிறகு வந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டார்கள், இல்லை. அடையாள அட்டை எடுக்கக் கேட்டார்கள், இல்லை. கலியாணம் பதியக் கேட்டார்கள், அப்போதும் இல்லை. வாப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய், "இது என்ட மகள்" என்று சொல்வார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தலையை நிமிர்த்தாமல், "அதுக்குக் கடதாசி?" என்பார். பக்கத்தில் நிற்கிற என்னை விடக் கடதாசி பெரிது என்று எனக்குப் புரிந்த வயது அது. ஒவ்வொன்றாகப் புதிதாக எடுத்து முடிக்கப் பல வருடம் போனது.

ஆகவே எனக்குப் பிள்ளை பிறந்ததும் நான் வைத்த நிய்யத்து ஒன்றுதான். என் பிள்ளையை எவரும் அப்படிக் கேட்கக் கூடாது. என்னிடம் இல்லாத கடதாசி என்று ஒன்று இருக்கக் கூடாது.

கட்டாரில் இருக்கும் என் தம்பி அந்த வருடம் ஒரு மடிக்கணினி அனுப்பினான். அவன் பாவித்ததுதான், என்றாலும் பளபளப்பாக இருந்தது. மகள் உயர்தரம் முடித்து, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நேர்முகப் பரீட்சைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று வந்த கணினியில் முதலில் பைத்தியம் பிடித்தது எனக்குத்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் மாதர் சங்கத்தில் பெண்களுக்குக் கணினி வகுப்பும் வைத்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் வகுப்புக்கு ஒழுங்காகப் போனேன். ஒரே ஒரு நாள்தான் தவறியது, மாமிக்குக் காய்ச்சல். கடைசியில் சான்றிதழும் தந்தார்கள். படித்ததற்காக என் பெயர் போட்டுக் கிடைத்த முதலாவது கடதாசி. முத்தமிட்டு, அதையும் பைக்குள் வைத்தேன்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பை ஒன்றுதானே இருக்கிறது? ஆணியோடு அது போனால்?

நோன்புப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், கதவைச் சாத்திவிட்டுப் பையை இறக்கினேன். கடதாசிகளைப் பரப்ப வீட்டில் கால்படாத இடம் எது? என் முஸல்லாதான். தொழுகை விரிப்பை வெளிச்சம் விழுகிற பக்கமாக விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைபேசியில் படம் எடுத்தேன். மின்விசிறிக் காற்றுக்குக் கடதாசி பறந்தபடியால் ஓரத்தில் என் பெருவிரலால் அழுத்திக்கொண்டேன். அடையாள அட்டைகள் முன்னும் பின்னும், பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் கலியாணப் பதிவு, கடவுச்சீட்டு, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. எடுத்ததைக் கணினிக்கு மாற்றி, வகுப்பில் சொல்லித்தந்தபடியே என் முகநூல் கணக்கில் ஒரு அல்பமாகப் போட்டேன். அதற்கு 'எங்கள் பை' என்று பெயரும் வைத்தேன்.

போட்டு முடித்ததும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று எழுதுவது? இனிக் களப்பு வந்தாலும் சரி, காற்று வந்தாலும் சரி, எங்கள் கடதாசி எவர் கையும் எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். நன்றிக்காக இரண்டு ரகஅத் ஷுக்ரும் தொழுதேன்.

அதை மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே 'மாஷா அல்லாஹ்' என்று எழுதினார்கள். வடக்கில் எங்கள் பழைய ஊருக்கே திரும்பிப் போயிருந்த என் மதினி, 'அடியே, உனக்கு இவ்வளவு வயசா?' என்று என் அட்டைக்குக் கீழே கேட்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். நாலு பேர் பார்த்தால் நாலு சாட்சி. என் வாப்பாவுக்கு அன்றைக்கு ஒரு சாட்சி இருந்திருந்தால் போதுமே. எனக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். அந்த நாலு பேருக்குப் பின்னால் யார் யார் வந்து பார்க்கலாம் என்பதை, பிறகுதான் அறிந்தேன், நான் போகாத அந்த ஒரு நாள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தபால்காரர் வந்தார். மகளின் பெயருக்கு ஒரு கடிதம்.

"நேர்முகக் கடிதம்!" என்று மகள் அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கியது. அரசாங்கக் கடிதம் இல்லை. கையால் எழுதிய கடித உறை. உள்ளே கோடு போட்ட கொப்பித் தாள், இரண்டு பக்கம் நிறையச் சிங்கள எழுத்து.

எனக்குச் சிங்களம் ஓரளவு கதைக்க வரும், எழுத்து வராது. மகளுக்கும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் படித்தது பரீட்சையோடு போய்விட்டது. என் வீட்டுக்காரர் உப்பு லொறி ஓட்டுகிறவர். வீதிப் பலகையும் கடைப் பலகையும் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவர். அவர் பகல் சாப்பாட்டுக்கு வந்ததும் கையைக் கூடக் கழுவ விடாமல் கடிதத்தை நீட்டினோம்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினார். "தங்... கச்... சிக்கு. ஒங்... கள... எனக்... குத்... தெரி... யாது." நிறுத்தினார். "இது என்ன சிங்களம் புள்ள? ஒரு சொல்லும் விளங்குதில்ல."

"வாப்பா, அது தமிழ்!" என்றாள் மகள். "நீங்க இப்ப வாசிச்சது தமிழ்!"

அவர் திரும்பக் கடிதத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "எழுத்து சிங்களம்டி."

"எழுத்து சிங்களம், கதை தமிழ். வாசிங்க வாப்பா."

சிலாபம் பக்கத்துக் கடற்கரையில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் கதைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்திருப்பார்கள். அப்படி ஒரு பெண் எழுதிய கடிதம் அது. வீட்டுக்காரர் எழுத்துக்கூட்ட, நாங்கள் இருவரும் சேர்த்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டோம். முதலில் விளையாட்டுப் போல இருந்தது. ஐந்தாவது வரியில் விளையாட்டு நின்றது.

அந்தப் பெண் சிலாபம் வீதியில் ஒரு சந்தியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருப்பவர். அவருடைய கடைக்கு ஒரு ஆள் வந்து, தன் கைபேசியிலிருந்து ஒரு அடையாள அட்டையைக் கணினிக்கு அனுப்பி, இரண்டு பக்கமும் அச்சடித்துத் தரக் கேட்டிருக்கிறான். தங்கச்சிக்கு சிம் எடுக்க என்று சொல்லியிருக்கிறான். தங்கச்சி பெயர் என்ன என்று இவர் சும்மா கேட்க, அவன் கைபேசியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். எட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் அட்டைகள், சான்றிதழ்கள் எல்லாம் அதில் வரிசையாக. இவர் அச்சடிக்க மாட்டேன் என்று சொல்ல, அவன் ஏசிவிட்டுப் போய்விட்டான். அட்டையின் படம் மட்டும் கணினியில் மிஞ்சியிருந்தது. அதில் இருந்த முகவரிக்குத்தான் இந்தக் கடிதம்.

'நான் அச்சடிக்காட்டி வேற கடைல அடிப்பான். ஒங்கட பேர்ல சிம் எடுத்துக் களவு வேலை செஞ்சா, பொலிசு ஒங்களத்தான் தேடி வரும். கவனம் தங்கச்சி' என்று எழுதியிருந்தார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கோபக்காரர் இல்லை. ஆனால் பயம் வந்தால் அவருக்குச் சத்தம் வரும்.

"ஐ.சி அட்டைய யாருக்குக் குடுத்த?"

"நான் ஒருத்தருக்கும் குடுக்கல்ல வாப்பா."

"குடுக்காம எப்படிப் போகும்? அதுக்குக் கால் இருக்கா? கூட்டாளிமாருக்கு அனுப்பினியா? போம் நிரப்பக் கடைக்குப் போனியே, அங்க விட்டியா?"

"அல்லாஹ்மேல ஆணையா இல்ல வாப்பா!"

"நாளைக்கு வாசல்ல பொலிஸ் வந்து நின்டா, கொலிஜும் இல்ல ஒன்டும் இல்ல. ஊர் என்ன கதைக்கும்? பொம்பளப் புள்ளடி நீ!"

மகள் அழத் தொடங்கினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நானும் அவள் எங்கேயோ விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "கவனமா இருக்கச் சொல்லி எத்தன தரம் சொன்ன நான்" என்று என் பங்குக்கும் ஒன்று சொன்னேன்.

கடிதத்தில் இன்னும் நாலு வரி மிஞ்சியிருந்தது. அவர் அதையும் வாசித்தார். அடையாளத்துக்காக அந்தப் பெண் எழுதியிருந்தது அது. 'படத்தில் ஐடென்டிக்குக் கீழே பள்ளிவாசல் படம் போட்ட பச்சை விரிப்பு இருக்கு. பக்கத்தில ஒரு பெருவிரல். மருதாணி போட்ட விரல். யார் எடுத்த படம் என்டு பாருங்கோ.'

பெருநாளுக்கு அந்த வீட்டில் மருதோன்றி போட்டவள் நான் ஒருத்திதான். மகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது, கை தடித்துவிடும். பச்சை முஸல்லா மூலையில் சுருட்டி நின்றது. நான் என் பெருவிரலைப் பார்த்தேன். நகத்தின் நுனியில் சிவப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

ஒரு கணம் சும்மா இருந்துவிடலாமா என்று மனம் சொன்னது. மறைக்காமல் எழுதுகிறேன், சொன்னதுதான். என் பிழைக்கு அழுதுகொண்டிருந்த பிள்ளையின் முகம் அதை விடவில்லை.

"அவள ஏசாதீங்க" என்றேன். "நான்தான். ஜும்ஆ நேரம் எடுத்து நான்தான் கணினில போட்ட. கள்ளன் கையில படாம இருக்கட்டும் என்டு."

"எங்க போட்டீங்க உம்மா?"

திறந்து காட்டினேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். தள்ளத் தள்ள அவள் வாய் திறந்துகொண்டே போனது. "உம்மா, இது உலகத்துக்கே திறந்து கிடக்கு. யாரும் வந்து பாக்கலாம், எடுக்கலாம். வாசல்ல ஆணி அடிச்சு மாட்டின மாதிரி இல்ல, சந்தைக்கு நடுவுல மாட்டின மாதிரி." கடைசிப் படத்துக்கு முதல் படம் என் வகுப்புச் சான்றிதழ். கடைசிப் படம் ஒரு சின்னத் துண்டு. அதைப் பெரிதாக்கிப் பார்த்தவள் தலையில் கையை வைத்தாள்.

அது நான் கடவுச்சொல்லை எழுதிப் பைக்குள் வைத்திருந்த துண்டு. மறந்துவிடுவேன் என்று எழுதி வைத்தது. பைக்குள் இருந்தபடியால் அதையும் முஸல்லாவில் வைத்து, விரலால் அழுத்தி, ஒழுங்காகப் படம் எடுத்திருக்கிறேன்.

"பூட்டையும் போட்டு, சாவியையும் பக்கத்துல வச்சு, அதுக்கு லைட்டும் அடிச்சிருக்கீங்க" என்றாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை சிரிக்கத் தொடங்கினாள். வீட்டுக்காரர் மகளின் தலையைத் தடவிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அப்படித்தான் கேட்பார்.

மகள் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினாள். அல்பத்தை வேறு எவருக்கும் தெரியாதபடி மூடினாள். "இத ஒரேயடியா அழிக்கணும் உம்மா" என்றாள். "பொறு, டவுனுக்குப் போயிட்டு வந்து பாப்பம்" என்று நான் தள்ளிப் போட்டேன். ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

பையை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்று பேருமாக லொறியில் புத்தளம் டவுனுக்குப் போனோம். வழியெல்லாம் நான் ஸலவாத்து ஓதிக்கொண்டே போனேன். தொலைபேசிக் கம்பனிகளின் அலுவலகம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். முதல் இரண்டு இடத்திலும் மகளின் அட்டை இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிரச்சினை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த பெண்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "உங்கட பேர்ல ரெண்டு நம்பர் இருக்கு" என்றாள்.

மகளிடம் இருந்தது ஒன்று.

மற்றது மூன்று நாளைக்கு முன் வேறு ஊரில் எடுத்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரை தந்து இருத்தினார்கள். அந்த இலக்கத்தை நிறுத்த வேண்டுமென்றால் இவள்தான் அவள் என்று காட்ட வேண்டும் என்றாள் அந்தப் பிள்ளை. "ஒரிஜினல் அடையாள அட்டை இருக்கா? பேர்த் சேட்டிபிக்கட் இருக்கா?"

நான் பையைத் தூக்கி மேசையில் வைத்தேன். "இருக்கு மகள். என்ன வேணும், கேளுங்க."

அந்த வார்த்தையைச் சொல்ல நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த இலக்கத்தை எங்கள் கண் முன்னாலேயே நிறுத்தினாள். அதிலிருந்து இதுவரை ஒரு அழைப்பும் போகவில்லை என்றும் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ். கடிதம் இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பொலிஸிலும் போய் ஒரு முறைப்பாடு எழுதிவிட்டு, அதன் பிரதியை வாங்கி, அதையும் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்தோம்.

அஸர் தொழுதுவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தோம். மகள் அல்பத்தைத் திறந்து, அழிக்கும் இடத்துக்குக் கொண்டு வந்து வைத்தாள். "தட்டுங்க உம்மா."

என்னால் தட்ட முடியவில்லை. மூடியிருக்கிறது, எவரும் பார்க்க முடியாது, அழிப்பதுதான் நல்லது, எல்லாம் அறிவுக்கு விளங்கியது. விரலுக்கு விளங்கவில்லை. என் பிறப்பு, என் கலியாணம், என் பிள்ளை, எல்லாவற்றையும் என் கையாலேயே இல்லாமல் ஆக்குவதா? வாப்பாவின் மடியிலிருந்து அந்த வெள்ளைத் துணி போன நேரம் எனக்குத் திரும்பி வந்தது. கண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் எப்படி விளங்கும் என்று நினைத்தேன்.

அவள் எழும்பிப் போனாள். ஆணியிலிருந்து பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். பாரமாக இருந்தது. "இதப் புடிச்சுக்கிட்டுத் தட்டுங்க" என்றாள்.

இடது கையால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தட்டினேன். போய்விட்டது. மடியில் இருந்தது அப்படியே இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை அந்தப் பெண்ணைத் தேடிப் போனோம். என்ன கொண்டுபோவது என்று வீட்டில் ஒரு வாக்குவாதம். வீட்டுக்காரர் நல்ல கருவாடு வாங்கலாம் என்றார். "கடற்கரைக்காரிக்குக் கருவாடா? உப்பு லொறில இருந்து ரெண்டு மூட உப்பையும் இறக்கிக் குடுங்க" என்று சிரித்துவிட்டு, நான் வட்டிலப்பம் அவித்தேன்.

சின்னக் கடை. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஒரு பூ. முப்பத்தைந்து வயது இருக்கும், நைலோன் சட்டை, கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. நாங்கள் யாரென்று சொன்னதும் மகளின் முகத்தைத்தான் பார்த்தார். "ஓ, நீயா! ஐடென்டில ஒன்ன விடக் கறுப்பு" என்றார். மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஒங்கட படத்த அன்டைக்கே அழிச்சுப் போட்டேன் அக்கே" என்று என்னிடம் சொன்னார். "அட்ரஸ எழுதின துண்டையும் வெட்டிப் போட்டேன். இப்ப கேட்டா எனக்கு ஒங்கட ஊரும் ஞாபகம் இல்ல."

கதைத்துக்கொண்டே கத்தரிக்கோலால் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு அட்டைப் பெட்டி நிறையச் சின்னத் துண்டுகள். பிழையாக விழுந்த பிரதிகளாம். கடை மூடுமுன் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் போவாராம், கணினியில் ஆட்கள் விட்டுப்போனதையும் அழித்துவிட்டு.

"குப்பைதானே, எதுக்கு மினக்கெடுறீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒங்களுக்கு இது கடதாசி அண்ணே. எனக்கு இது ஆள்" என்றார் அவர். "ஆள எப்படிக் குப்பைல போடுற?"

எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. மேசைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஆள் தெரியவில்லை, கடதாசிதான் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒரு பிழையான கடதாசியிலும் ஆள் தெரிகிறது. பையைப் பற்றி, தொண்ணூறைப் பற்றி, ஏன் அப்படி எல்லாவற்றையும் படம் பிடித்தேன் என்பதைப் பற்றி அவரிடம் சொன்னேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். புறப்படும்போது, "அக்கே, யாருக்கும் ஐடென்டி கொப்பி குடுத்தா, அதுக்கு மேல குறுக்கால எழுதிக் குடுங்கோ, இது இன்னதுக்கு மட்டும் என்டு. திகதியும் போடுங்கோ. அப்ப வேற ஒன்டுக்கும் பாவிக்க ஏலா" என்றார். எட்டாம் வகுப்புப் படித்த எனக்கு அது நன்றாக விளங்கியது. இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

இப்போதும் எங்களிடம் மடிக்கணினி இருக்கிறது. கடதாசிகளின் படங்களும் இருக்கின்றன, ஆனால் பூட்டிய இடத்தில். அதன் சொல் எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மறந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். ஒரு பென் டிரைவ் என் தங்கையின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பொதுக் கணினியில் எதையாவது திறந்தால், வெளியே வரும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டேனா என்று இரண்டு தரம் பார்க்கிறேன். மாதர் சங்க வகுப்பு இப்போதும் நடக்கிறது. யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று சொல்லித்தரும் அந்த ஒரு நாளைக்கு, ஊர்ப் பெண்களை வீடு வீடாகப் போய் இழுத்துக்கொண்டு போவது நான்தான். "உன்ட கதையச் சொல்லு" என்று அவர்கள் சிரிப்பார்கள். சொல்வேன்.

மகளுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. போனாள், தெரிவானாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவள் வீட்டுக் கதவிலும் ஒரு ஆணி இருக்கிறது.

தொலைந்து போவது ஒன்றுதான் ஆபத்து என்று நினைத்து வாழ்ந்தவள் நான். எல்லோர் கையிலும் கிடைப்பதும் ஆபத்துதான் என்று அந்த வருடம் படித்தேன். எங்கள் வீட்டின் மானம் முழுவதும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருந்தபோது, அவர் ஒரு கடிதம் எழுதிவிட்டு அதை அழித்துப் போட்டாரே, அதையும் அந்த வருடம்தான் கண்டேன். அவருடைய பெயரையும் அந்தச் சந்தியின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவரே ஏசுவார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அதே பச்சை முஸல்லாவில் இருந்து, அவருடைய பெயரையும் ஊரையும் ஒன்றும் மறைக்காமல் சொல்லி அவருக்காகத் துஆ கேட்கிறேன். எல்லாம் அறிந்தவனிடம் மட்டும்தான் எல்லாவற்றையும் திறந்து வைக்கலாம்.